பதினேழாம் நம்பர் சேவல்

கோழியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனால் குற்றமாம். இதை யார் கண்டது? பேச்சியம்மாள் பிறந்ததிலிருந்து கோழியை வேறு எப்படியும் தூக்கியதில்லை. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தால் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு வரும், கொத்தாது, கத்தாது. அப்படித்தான் சிகாமட் சந்தையில் வாங்கின செவலைச் சேவலோடு ரயில் கேட்டைத் தாண்டினாள். தாண்டினதும் மாத்தா மறித்துக்கொண்டார். போலீஸ்காரருக்கு இந்தச் சீமையில் மாத்தா என்று பேர். அவர் மலாயில் என்னென்னவோ சொன்னார், சேவலைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், தன் தலையைத் தொட்டுக் காட்டினார். பேச்சியம்மாளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

எதிர்த்தாற்போல் கடை வைத்திருந்த ருக்னுதீன் பாய்தான் எழுந்து வந்து விளக்கம் சொன்னார். சர்க்கார் புதுசாகச் சட்டம் போட்டிருக்கிறதாம். வாயில்லா ஜீவனை வதைக்கக் கூடாதாம். கோழியே ஆனாலும் தலை மேலே, கால் கீழே இருக்கும்படிதான் தூக்க வேண்டுமாம். இது முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்டது, வீட்டில் கொண்டுபோய் வளர்த்து வெட்டப் போவது என்று அவள் கெஞ்சினாள். பாய் அதை மலாயில் சொன்னார். வெட்டுவதற்குத் தடையில்லை, தலைகீழாகத் தூக்கினதுதான் தப்பு என்று மாத்தா பதில் சொன்னாராம். அதற்குமேல் என்ன பேச? சேவலை அவர் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். பேச்சியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

அவள் ஓடினதற்குக் காரணம் இருக்கிறது. அவள் புருஷன் காளியப்பன் ரப்பர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீனர்கள் கூட்டாக நடத்துகிற பலகைப் பட்டறையில், கொங்சி என்பார்கள், ஆறு மாசம் மரம் அறுத்தான். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. திரும்பி வரும்போது கால் இரண்டும் அவனுடையதாக இல்லை. கிள்ளினால் தெரியவில்லை, எழுந்து நின்றால் மடிந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொங்சி ஆட்களுக்கெல்லாம் வருகிற சீக்குதான், பெரிபெரி என்று பேர், மேலே ஏறி நெஞ்சைத் தொட்டால் ஆள் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே பேச்சியம்மாள் முனியாண்டியிடம் முறையிட்டாள். அவர் எழுந்து நடந்தால் சேவல் அறுக்கிறேன் என்றாள். சேவலை வாங்கின இடத்திலேயே அதன் காலில் மஞ்சள் துணியைக் கட்டினாள். கட்டினபிறகு அது சாமியுடையது. மாற்றுச் சேவல் செல்லாது.

மறுநாள் ஸ்டேஷனில் இனிமேல் செய்யாதே என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். நல்லது, சேவல் எங்கே என்று கேட்டாள். ஸ்டேஷனில் கூண்டு கிடையாது, மரநாய் தூக்கிவிடும், அதனால் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கோழிக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டோம் என்றார் அங்கே கணக்கெழுதுகிற கிராணி. அங்கே கோழிகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று வேறு சொன்னார். மனுஷன் கள்ளமில்லாமல்தான் சொன்னார். பேச்சியம்மாளுக்கும் நிம்மதியாகப் போயிற்று. புருஷனும் அங்கே, சேவலும் அங்கே, ஒரே நடையில் இரண்டு பேரையும் பார்த்துவிடலாம் என்று போனாள்.

போய்ப் பார்த்தால், ஐயோ, அது என்ன கொட்டகை! ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு வரிசையாகக் கூண்டு. வரிசைக்குப் பன்னிரண்டு. சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம், தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகூட அப்படி இருக்காது. ஒரு வரிசையில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டு திரிந்தன. மற்ற வரிசையில் நாலைந்து கோழிகள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குக் கழுத்து முதுகுப் பக்கமாகத் திருகிக்கொண்டு, வாய் திறந்தபடி இருந்தது. அந்த வரிசையில்தான் அவளுடைய செவலை நின்றது. மஞ்சள் துணியைக் காணோம். அது கட்டியிருந்த காலில் தகர வளையம், அதில் பதினேழு என்று நம்பர்.

டிரசர் தங்கராஜு ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு அடுத்தபடி. ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் அவர்தான். நல்ல மனுஷன், ஆனால் சலிப்பு முகம். துரை இந்தக் கோழிகளை வைத்து உன் புருஷன் மாதிரி ஆட்களுடைய சீக்குக்கு வழி கண்டுபிடிக்கிறார் என்றார். சேவல் புத்தகத்தில் ஏறிவிட்டது, இனிமேல் எடுக்க முடியாது, வேண்டுமானால் வேறு சேவல் தருகிறேன் என்றார். பேச்சியம்மாள் வேறு சேவல் வேண்டாமென்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாய்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. கொட்டகை கூட்டுகிறவன் அந்த வாரம்தான் சொல்லாமல் ஓடிப் போயிருந்தான். டிரசர் தலையைச் சொறிந்துவிட்டு, கூட்டிப் பெருக்குகிற வேலை செய்கிறாயா, சேவலையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றாள்.

மாத்தா பிடித்தது சேவல் தலைகீழாகத் தொங்கினதற்கு. இங்கே காலே விளங்காமல் போகிற இடத்தில் கொண்டுவந்து விட்டதும் அதே சர்க்கார். இதை அவள் கூட்டிக்கொண்டே யோசித்துப் பார்த்தாள். நுனி எது, அடி எது என்று தெரியவில்லை. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் செய்தாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்று. நேர்ந்துவிட்ட சேவல், நேர்ந்தவள் வீட்டுத் தானியம் தின்று வளர வேண்டும். ஊரான் வீட்டுத் தானியத்தைத் தின்றால் பலனும் ஊரானுக்கே போகும். அவள் ஆத்தா காலத்திலிருந்து அப்படித்தான். சர்க்கார் அரிசியைத் தின்றுவிட்டுச் சேவல் அறுபட்டால் முனியாண்டி சர்க்காருக்கல்லவா காலைக் கொடுப்பார்? அதனால் தினமும் லயத்திலிருந்து புறப்படும்போது ஒரு கை அரிசியை மடியில் முடிந்துகொண்டு வந்தாள். தோட்டத்தில் கொடுக்கிற புழுங்கல் அரிசி, லேசாகப் பழுப்பு, லேசாக வாடை. டிரசர் அந்தப் பக்கம் திரும்பினதும் பதினேழாம் கூண்டில் அந்த ஒரு கை விழுந்துவிடும். செவலையும் கள்ளத்தனம் தெரிந்ததுபோலச் சத்தமில்லாமல் கொத்தித் தீர்த்துவிடும்.

புருஷனுக்கு அப்படிக் கொண்டுபோக முடியவில்லை. வெளிச் சாப்பாடு கூடவே கூடாதென்று ஆஸ்பத்திரியில் கட்டளை. அவளும் அதை மீறவில்லை. மீறத் தோன்றவும் இல்லை. ஏனென்றால் அங்கே காளியப்பனுக்குப் போட்டது தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சோறு. ஊரில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட அப்படிச் சோறு கண்டதில்லை. சர்க்கார் எம்புருசனை மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கு என்று லயத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். பாவி மகள், சொல்லத்தான் செய்தாள்.

மூன்றாவது வாரம் ஜீவகாருண்யத்துக்கென்று ஒரு துரை வந்தார். குடை பிடித்துக்கொண்டு, சின்னப் புத்தகம் வைத்துக்கொண்டு வந்தார். கூண்டுக்கு அளவுகோல் வைத்து நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். கழுத்துத் திருகிக் கிடந்த கோழி முன்னால் நின்று டாக்டர் துரையிடம் என்னமோ கேட்டார். டாக்டர் துரை ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் சர்க்காரின் பெரிய முத்திரை இருந்தது. குடைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார். பதினான்காம் கூண்டில் தண்ணீர்ச் சட்டி பாசி பிடித்திருந்தது. அதற்கு மட்டும் பேச்சியம்மாளுக்குத் திட்டு விழுந்தது. போகும்போது, கோழிகளைத் தலைகீழாகத் தூக்குவதில்லையே என்று டிரசர் மூலமாகக் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். அவர் திருப்தியாகப் போனார். பேச்சியம்மாள் பாசியைத் தேய்த்துக்கொண்டே, இந்தச் சனங்களுக்கு இரக்கம் இருக்கிறதா இல்லையா என்று கடைசிவரைக்கும் தீர்மானிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இருக்கிறதென்றும் சொல்ல முடியவில்லை. இல்லையென்று சொன்னால் அந்தக் குடைக்காரர் வெயிலில் வேர்த்துக்கொண்டு அளந்தது எதற்கு?

அந்த வரிசையில் ஒவ்வொன்றாக விழுந்தன. பதினாறு விழுந்தது, பதினெட்டு விழுந்தது, கடைசியாக இருபத்து நாலும் விழுந்தது. பதினேழு மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காலையில் கூவியது. டாக்டர் துரை அதன் முன்னால் வந்து வந்து நின்றார். காலைத் தூக்கிப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடாமல் போனார். பேச்சியம்மாளுக்கு உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம். முனியாண்டி தன்னுடையதைத் தானே காப்பாற்றிக்கொள்கிறார் என்று நினைத்தாள்.

ஆனால் காளியப்பனுக்கு மரமரப்பு இடுப்புக்கு ஏறியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. சேவல் நன்றாயிருக்கிறதா என்று மட்டும் தினமும் கேட்பான். நன்றாயிருக்கிறது என்பாள். சாமி ஏன் இன்னும் கண் திறக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் டிரசர் கொட்டகைக்கு வந்து கூண்டுமேல் கையை ஊன்றி நின்றார். உன் சேவலால் துரைக்கு மண்டை குழம்பிக் கிடக்கிறது என்று ஆரம்பித்தார். இந்த வரிசைக்குப் போட்டது வார்டில் போடுகிற அதே வெள்ளை அரிசி, அந்த வரிசைக்குப் போட்டது தவிடு போகாத அரிசி. வெள்ளை அரிசியால்தான் கால் போகிறது என்பது துரையின் சந்தேகம். பன்னிரண்டும் விழுந்திருந்தால் இந்த மாசமே வார்டில் அரிசியை மாற்றியிருப்பார், மேலிடத்துக்கும் எழுதியிருப்பார். பதினேழு விழவில்லை. அதே அரிசியைத் தின்று ஒன்று நிற்கிறதே, அப்போது காரணம் அரிசி இல்லையோ, காற்றோ, தொத்தோ என்று குழம்பி, மாற்றாமல் வைத்திருக்கிறார். இதையெல்லாம் டிரசர் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

பேச்சியம்மாள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குப் போட வேண்டிய பழுப்பு அரிசி முடிச்சு அப்படியே இருந்தது. அது சூடாக இருப்பதுபோல அவளுக்குப் பட்டது. புருஷன் வாயில் போக வேண்டியதைச் சேவல் வாயில் போட்டிருக்கிறேன். அதுவாவது போகட்டும், சேவல் நின்றதால் அவருக்குச் சோறும் மாறவில்லை. நான் அவருக்காக நேர்ந்ததே அவர் காலை வாரிவிட்டிருக்கிறது. இதை எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் சேவல் போகும், நேர்த்தி போகும். ஒரு கோழிக்காகப் போலீஸ் ஸ்டேஷன் ஏறினவள், இதற்கு ஜெயிலுக்கே போக வேண்டி வருமோ என்னமோ. சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார்.

டிரசரைக் கூட்டிக்கொண்டு துரையின் அறைக்குப் போனாள். மடியை அவிழ்த்து அரிசியை மேஜைமேல் கொட்டினாள்.

"தெனமும் ஒரு கை போட்டேங்க. என் வீட்டு அரிசி. அது நின்னது இதனாலதான் இருக்கும். எம்புருசனுக்கு இதைப் போடச் சொல்லுங்க."

டிரசருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும் மொழிபெயர்த்தார். துரை திட்டவில்லை. அரிசியை விரலால் பரப்பிப் பார்த்தார். எத்தனை நாள் என்று கேட்டார். எல்லா நாளும் என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக வார்டைப் பார்த்தார். அன்றைக்குச் சாயந்திரமே காளியப்பன் தட்டில் புழுங்கல் சோறு விழுந்தது. பதினேழாம் கூண்டுக்குப் பூட்டு விழுந்தது.

பூட்டு எதற்கு, அதுதான் தெரிந்துபோயிற்றே என்று அவள் டிரசரிடம் அழுதாள். உனக்குத் தெரிந்தால் போதாது, மேலிடத்துக்குத் தெரிய வேண்டும் என்றார் அவர். "அது விழுந்தாத்தாம்மா உன் புருஷன் எழுந்ததுக்கு அர்த்தம் இருக்கும். இல்லேன்னா கொங்சியில இருக்கிறவன் அத்தனை பேரும் அதே சோத்தைத் தின்னுட்டுச் சாவான்." சலிப்பில்லாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் வார்டுக்குப் போவாள், காளியப்பன் கட்டைவிரலை அசைத்துக் காட்டுவான். கொட்டகைக்கு வருவாள், செவலை ஒரு காலை இழுத்து வைக்கும். அவன் கட்டில் விளிம்பைப் பிடித்து நின்ற வாரம் அது உட்கார்ந்தது. அவன் கயிற்றைப் பிடித்து நாலடி நடந்த அன்றைக்கு அதற்குக் கழுத்து திருகியது. ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் அழுகையுமாக அவள் இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தாள். கால் விளங்காத சேவல் சாமிக்கு ஆகாது. அப்படியானால் அவர் காலைக் கொடுத்தது யார்? சாமி இதன் காலை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு அவருக்குக் கொடுத்ததா, இல்லை துரை எடுத்துக் கொடுத்தாரா? பூட்டின சாவி டிரசர் இடுப்பில் தொங்கியது. அவரிடம் கேட்கிற கேள்வியா இது?

துரை அதைச் சாகவிடவில்லை. தவிட்டை ஊறவைத்த தண்ணீரை மருந்து சொட்டுகிற பில்லரில் எடுத்து அதன் வாயில் விட்டார். இரண்டு நாளில் கழுத்து நேரானது. வாரம் திரும்புவதற்குள் எழுந்து நின்றது. துரை குழந்தை மாதிரிக் கைதட்டினார். எல்லாவற்றையும் எழுதி முடித்தபிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சேவலை அவளிடமே கொடுத்தார். வார்டில் அரிசி மாறியது மாறியதுதான். கொங்சிகளுக்கு மாறுமா என்பது மேலிடத்துக் காரியம், பார்க்கலாம் என்றார் டிரசர்.

சேவலை மார்போடு அணைத்து, தலை மேலே கால் கீழேயாகத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் ரயில் கேட்டைத் தாண்டினாள். அதே மாத்தா நின்றார். பார்த்து, நல்லது என்று தலையாட்டினார். அவள் தகர வளையத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்து எல்லையில் முனியாண்டி கல்லுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். காளியப்பன் கம்பை ஊன்றி, லயத்திலிருந்து அவ்வளவு தூரமும் தன் காலால் நடந்தே வந்திருந்தான். பூசாரி வேலு மற்ற நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், அன்றைக்கு மட்டும் நெற்றி நிறைய திருநீறு. அரிவாளைக் கல்லின்மேல் சாய்த்துவிட்டுச் செவலையின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தான். தெளித்துவிட்டு மூவரும் காத்திருந்தார்கள். அது துலுக்க வேண்டும். உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது, அதுவும் சம்மதித்தது என்று அர்த்தம். துலுக்காதவரைக்கும் கத்தி இறங்கக் கூடாது.

செவலை துலுக்கவில்லை. தகர வளையம் இருந்த காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு பேச்சியம்மாளையே பார்த்தது. வேலு இன்னொரு கை தண்ணீர் தெளித்தான். தண்ணீர் கொண்டையிலிருந்து சொட்டியது. முனியாண்டி, உத்தரவு கொடு என்று வேலு கேட்டான்.

அப்போதுதான் பேச்சியம்மாளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளில் இதனிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாத்தா கேட்கவில்லை, துரை கேட்கவில்லை, கூண்டை அளந்தவர் கேட்கவில்லை, சந்தையில் வாங்கி மஞ்சள் துணி கட்டினபோது அவளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். நனைந்த கோழி எப்படியும் உதறத்தான் செய்யும். உதறினால் அவர் கால் நிலைக்கும். உதறாவிட்டால்? அவள் கும்பிட்ட கையோடு, துலுக்கு துலுக்கு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். எந்த நிமிஷத்தில் அது துலுக்காதே என்று மாறியதென்று அவளுக்கே தெரியாது.

சேவலின் கழுத்து மயிர் லேசாகச் சிலிர்த்தது. பேச்சியம்மாள் பாய்ந்து போய் அதை வாரி எடுத்தாள். முந்தானையால் தலையைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், இறக்கையை விரித்து அடிமயிர்வரைக்கும் ஈரம் போகத் துடைத்தாள்.

"மதினி, சாமி காரியம்" என்றான் வேலு.

"ஏ புள்ள, என்ன பண்ற?" என்றான் காளியப்பன். அவன் குரலில் பயம் இருந்தது. கால் அவனுடையதல்லவா?

"தெரியலைங்க" என்றாள். சத்தியமாகத் தெரியவில்லை. கல்லைப் பார்த்துத் திரும்பினாள். "கால் கேட்டேன். இதோட காலைத்தான் ஒரு தடவை வாங்கிட்டியே சாமி. தலையும் வேணுமா?"

வேலு கல்லின்மேல் சாய்த்த அரிவாளை எடுக்கவில்லை. பேச்சியம்மாள் சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஈரமெல்லாம் போனபிறகும் அது அவள் கையிடுக்கில் ஒருமுறை உடம்பைச் சிலுப்பியது. அவள் அதைப் பார்க்காதவள் மாதிரி நடந்தாள்.

பின்னால் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்து ஒரு கால், அதற்கடுத்து இன்னொரு கால். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே, லயம் வருகிறவரைக்கும், ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடி விழுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போனாள்.